பகிர்வது ஈகையா, ஒப்புரவா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஆசிரியர் தன் வகுப்புக்காக ஒரு செயல்திட்டத்தை உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேழ்வரகு முற்றும் பருவத்தில் காட்டிலிருந்து யானைகள் எந்த வழியாக வயலுக்கு வருகின்றன என்று பிள்ளைகளே ஊராரை விசாரித்து வரைபடம் வரைவதாக அது இருக்கலாம். பெங்களூரா மாம்பழத்துக்குத் தோப்பில் என்ன விலை, கூழ் ஆலையின் வாசலில் என்ன விலை என்று கணக்கெடுப்பதாக இருக்கலாம். ஒரு முறை நடத்தி முடித்ததும், கேட்க வேண்டிய கேள்விகள், அளவெடுக்கும் முறை, பிள்ளைகள் தடுமாறிய இடங்கள், ஆசிரியரே எதிர்பாராத அவர்களுடைய சந்தேகங்கள் எல்லாம் சேர்ந்து அது கைமாற்றக்கூடிய ஒரு பொருளாகிவிடுகிறது. அதைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் அவர் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். கொடுத்தால் ‘பெரிய மனசு’ என்கிறோம். கொடுக்காவிட்டால் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவர் உழைத்தது, அவர் விருப்பம் என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பொதுக் கருத்து சரிதானா என்பதே என் கேள்வி. அறிவு யாருக்குச் சொந்தம், அதைக் கொடுப்பது எந்த வகை அறம் என்று சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்விதான் இங்கே பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறது.

அறிவைக் கொடுப்பதை உயர்த்திப் பேசாத சமய மரபு நம்மிடையே இல்லை. சமணர் சொல்லும் நால்வகைத் தானங்களில் உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திர தானத்துக்கும் இடம் உண்டு. போதனையில் எதையும் மூடிய கைக்குள் ஒளித்துவைக்கும் ஆசிரியன் தான் அல்ல என்று புத்தர் தம் இறுதி நாட்களில் ஆனந்தரிடம் சொன்னதாக மகாபரிநிப்பான சுத்தம் பதிவுசெய்கிறது. பிராமணன் ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் முன்னோர்க்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்பது தைத்திரீய சம்ஹிதையின் கூற்று. ரிஷிகளின் கடன் மாணவ வாழ்வால் தீர்கிறது. பயனுள்ள அறிவை விட்டுச் சென்றவருக்கு இறந்த பின்னும் அதன் நன்மை வந்துகொண்டிருக்கும் என்கிறது ஒரு ஹதீஸ். கேட்கப்பட்ட பின்னும் அறிவை மறைப்பவனுக்கு மறுமையில் நெருப்புக் கடிவாளம் என்று எச்சரிக்கிறது மற்றொன்று. இவற்றை அருகருகே வைத்துப் படித்தால் இரண்டு வேறு குரல்கள் கேட்கும். கொடுப்பவனுக்குப் புண்ணியம் என்பது ஒரு குரல். கொடுக்காதது குற்றம், ஏனென்றால் அது ஏற்கெனவே பட்ட கடன் என்பது இன்னொரு குரல். நம் கல்விப் பேச்சு முதல் குரலை மட்டும் பிடித்துக்கொண்டது. ‘வித்யா தானம்’ என்று மேடையில் வாழ்த்துகிறோம். தானம் என்று சொன்ன கணத்திலேயே கொடுப்பவர் உரிமையாளராகவும் பெறுபவர் கைநீட்டுபவராகவும் ஆகிவிடுகிறார்கள்.

திருக்குறள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. அங்கே ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை 23ஆம் அதிகாரம். ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு, ஊரோடு ஒன்றி வாழ்பவர் தம் முயற்சியால் ஈட்டியதை ஊருக்குப் பயன்படும்படி வைத்திருப்பது. அதற்கு வள்ளுவர் காட்டுபவை கைம்மாறு கேட்காத மழை, நிறைந்த ஊருணி, ஊருக்குள் பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். ஊருணியில் தண்ணீர் எடுப்பவர் யாரிடமும் கைநீட்டவில்லை, யாருக்கும் தலைகுனிய வேண்டியதுமில்லை. அதே நேரத்தில் இதை விருப்பப்பட்டவர் மட்டும் செய்யும் கூடுதல் நன்மையாகவும் வள்ளுவர் பார்க்கவில்லை. ஒப்புரவு அறிந்தவனே உயிர்வாழ்பவன், மற்றவனை இறந்தவர்களோடு சேர்க்க வேண்டும் என்னும் அளவுக்கு அவர் கடுமை காட்டுகிறார். ஆசிரியர்கள் செயல்திட்டங்களைத் தமக்குள் பகிர்வது இந்த ஒப்புரவைச் சேர்ந்தது என்று நான் கருதுகிறேன். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: பகிர்வு இல்லாத செயல்திட்டக் கல்வி, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு நடந்தாலும், அநீதியில் போய் முடியக்கூடியது. அதற்கான சான்று இதே மாவட்டத்தின் ஓசூர் வட்டாரத்தில் பிறந்த ஒருவரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் ராஜாஜி. சென்னை மாநில முதலமைச்சராக 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி கிராமப் பள்ளிகளின் நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. பிள்ளைகள் இரண்டு பிரிவாக வருவார்கள். மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பெற்றோரிடமே கற்றுக்கொள்வார்கள். கட்டடங்களும் ஆசிரியர்களும் போதாத மாநிலத்தில் இருப்பதைக் கொண்டே இரட்டிப்புப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது நிர்வாகக் காரணம். கை வேலையும் கல்விதான் என்பது கொள்கைக் காரணம். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வளர்ந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றில் இதைவிட ஆழமாகப் பதிந்த நினைவு வேறொன்று இல்லை. இன்றைக்கும் ‘வாழ்க்கையோடு இணைந்த கல்வி’, ‘செய்து கற்றல்’ என்று யாராவது பேசத் தொடங்கினால் ஒரு பகுதியினர் சந்தேகத்தோடு நிமிர்ந்து பார்ப்பதற்கு அந்த நினைவே காரணம். அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். அதற்கு விடை சொல்லாமல் செயல்திட்டக் கல்வியை ஆதரிக்க இந்த மாநிலத்தில் யாருக்கும் உரிமையில்லை.

அந்தத் திட்டத்தில் தவறு எங்கே இருந்தது? செய்வதன் வழியே அறிவு வரும் என்ற கருத்தில் இல்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி அதையே சொன்னார். அவரிடம் கொலம்பியாவில் பயின்ற அம்பேத்கர் தம் ஆசிரியரின் சனநாயகச் சிந்தனையைக் கடைசிவரை போற்றினார். வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் எழுதிய கட்டுரையோடுதான் செயல்திட்ட முறை என்ற பெயரே உலகப் பள்ளிகளில் பரவியது. காந்தி 1937இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை மையமாகக் கொண்டதுதான். ஆனால் அங்கே தொழிலைக் கற்பிப்பது பள்ளி. நூற்பு என்றால் வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும், எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும், நூற்பு. 1953 திட்டமோ குழந்தையை அதன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்குப் போவான், குயவரின் மகன் சக்கரத்துக்குப் போவான், ஏடு உள்ள வீட்டுப் பிள்ளை ஏட்டுக்குப் போவான். ஒருவரின் செயல் அறிவு இன்னொருவரின் பிள்ளைக்குப் போய்ச் சேர வழியே இல்லை. சாதி என்ற அமைப்பு அறிவைப் பகிராமல் தலைமுறை தலைமுறையாகக் கூறுபோட்டு வைத்த அமைப்பும்தான் என்பதை நினைத்தால், அந்தத் திட்டத்தின் பிழை பகிர்வின்மையில் இருந்தது என்பது தெளிவாகும்.

இதை இன்றைய ஓசூருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன்பின் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்து, அண்மை ஆண்டுகளில் மின்வாகனமும் மின்னணுவும் வரை இந்த மாவட்டம் வந்திருக்கிறது. அதே மாவட்டத்தில் அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மலையும் காடும் மானாவாரிக் கேழ்வரகும் இருக்கின்றன. உள்ளூர்ச் சூழலிலிருந்தே கற்பியுங்கள் என்ற அறிவுரையை ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே உண்மையாகப் பின்பற்றினால் என்ன நடக்கும்? மலையோரப் பள்ளியின் பிள்ளைகள் புளியும் கேழ்வரகும் யானையும் படிப்பார்கள். தொழிற்பேட்டையை ஒட்டிய அரசுப் பள்ளியின் பிள்ளைகள் எந்திரமும் அளவுக் கருவியும் படிப்பார்கள். கட்டணம் வாங்கும் நகரப் பள்ளியின் பிள்ளைகள் ரோபோ செய்வார்கள், நிரல் எழுதுவார்கள். யாரும் சட்டம் போட வேண்டியதில்லை, 1953இன் முடிவு தானாகவே வந்து சேரும். அதைத் தடுக்கக்கூடியது ஆசிரியர்களின் குறுக்குப் போக்குவரத்து ஒன்றுதான். வெர்னியர் கருவியால் பற்சக்கரத்தை அளந்து, எவ்வளவு பிழை வரை பொறுக்கலாம், ஏன் என்று விசாரிக்கும் செயல்திட்டம் அஞ்செட்டிக்குப் போக வேண்டும். யானைப் பாதை வரைபடம் சிப்காட் ஓரத்துப் பள்ளிக்கு வர வேண்டும். ரோஜாப் பசுமைக் குடிலின் வெப்பத்தையும் ஈரத்தையும் பதிவுசெய்யும் பயிற்சி, பூப்பறிக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கு மட்டுமன்றி நிறுவன மேலாளரின் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். பிறந்த இடத்திலிருந்து கற்கத் தொடங்குவது நல்லதுதான். அங்கேயே கட்டிப்போடப்படாமல் இருப்பதற்குப் பகிர்வு வேண்டும்.

நீதிக்காக மட்டுமல்லாமல் உண்மைக்காகவும் இது தேவைப்படுகிறது. தென்பெண்ணை ஆற்றை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் ஓரமாக வரும்போது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து வழியும் நகரக் கழிவைச் சுமந்துகொண்டு, அது ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே வெள்ளை நுரை மலைபோலப் பொங்குவதை ஆண்டுதோறும் செய்தியில் பார்க்கிறோம். பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர். ஓசூர்ப் பள்ளி ஒன்று இந்த நுரையைச் செயல்திட்டமாக எடுத்தால் அணையின் மதகிலிருந்து தெரிவது மட்டுமே அதற்குத் தெரியும். நுரையின் காரணம் மேலே, வேறொரு மாநிலத்தின் குளியலறைகளிலும் சலவைத் தொட்டிகளிலும் ஆலைகளிலும் இருக்கிறது. நுரையின் விளைவு கீழே, பாசன வயலில் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பும் சொல்வது உண்மைதான், ஆனால் ஒரு பக்க உண்மை. சமணத் தத்துவம் இதை அநேகாந்தம் என்ற கொள்கையாக வளர்த்தது. பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு, எந்தக் கூற்றும் ஏதோ ஒரு நிலையில் நின்று பார்த்ததுதான், அந்த நிலையைச் சொல்லாமல் முழு உண்மை என்று உரிமை கோருவதே பிழை. பாடநூலை வைத்து நடத்தும் வகுப்பு பக்கத்து வகுப்பைச் சாராமல் முழுமையாக இருக்க முடியும். இடத்தை வைத்து நடத்தும் வகுப்பால் அது முடியாது. ஆற்றைப் படிக்கும் ஆசிரியர் தன் பதிவேட்டைப் பூட்டிவைத்தால் மற்றவர்களுக்கு இழப்பு என்பது பிறகு. அவருடைய வகுப்பு கற்றதே குறையாக நின்றுவிடுகிறது.

அவர் பூட்டிவைக்க நினைப்பது முதலில் யாருடையது என்றும் கேட்க வேண்டும். யானை எந்தக் கரை வழியாக இறங்கும் என்பதை ஆசிரியருக்குச் சொன்னவர் இரவெல்லாம் பரணில் காவல் இருந்த விவசாயி. மாங்கூழ் ஆலையின் கழிவு விகிதத்தைச் சொன்னவர் பழம் தரம் பிரிக்கும் பெண். ஆசிரியர் அவற்றை வரிசைப்படுத்தினார், கேள்வியாக மாற்றினார், பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டும்படி படியமைத்தார். அது பெரிய உழைப்பு, தேர்ந்த திறமை. ஆனால் மூலப்பொருள் ஊராருடையது, யாரும் அதற்கு விலை கேட்கவில்லை. ஊரிடம் இலவசமாகப் பெற்றதை வைத்துச் செய்த ஒன்றைத் தன் தனிச் சொத்தாக நினைப்பது, ஊருணிக்குக் கரை கட்டியவர் தண்ணீரையும் உரிமை கோருவது போன்றது.

பகிர்ந்தால் தரம் குறையும் என்பது நியாயமான ஆட்சேபணை. நகல் எடுத்த செயல்திட்டம் சார்ட் ஒட்டும் சடங்காகிவிடும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 2012-13இல் முப்பருவ முறையும் வளரறி மதிப்பீடும் வந்தபோது செயல்பாடுகளுக்கும் மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. விரைவிலேயே ஸ்டேஷனரிக் கடைகளில் ‘ப்ராஜெக்ட்’ என்ற பெயரில் எரிமலைப் படமும் இதயப் படமும் தயாராகத் தொங்கின. இன்னும் பெரிய சான்று செயல்வழிக் கற்றலின் கதை. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் கிராமப் பிள்ளைகளுக்காக உருவான அட்டைகளும் கற்றல் ஏணியும் இரண்டு மாநிலங்களின் ஆசிரியர்களை ஈர்த்தன. 1995 வாக்கில் மைசூர் மாவட்டத்து எச்.டி.கோட்டே ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் தங்கள் மொழியில், தங்கள் ஊருக்கு ஏற்ற அட்டைகளைத் தாங்களே செய்தார்கள். அதுவே நலி-கலி. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமார் முன்னெடுப்பில் அதே ஊற்றிலிருந்து செயல்வழிக் கற்றல் பிறந்தது. ஆசிரியர்கள் கூடி அட்டை எழுதினார்கள், தாழ்வான கரும்பலகை வந்தது, பிள்ளைகளோடு ஆசிரியரும் பாயில் உட்கார்ந்தார். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதற்கும் ஆணையாகப் போனது. அட்டைகள் அச்சாகி வந்தன. அட்டையை ஏன் அப்படி எழுதினார்கள் என்ற உரையாடல் வரவில்லை. எழுதியவர்களுக்கு உயிராக இருந்தது பெற்றவர்களில் பலருக்குப் பாரமாகியது. ஆட்சேபணை செய்பவர்கள் இதைத்தான் சுட்டுகிறார்கள்: பகிர்ந்தீர்கள், நீர்த்துப்போனது.

நான் இதே கதையை வேறு விதமாகப் படிக்கிறேன். ரிஷிவேலியிலிருந்து எச்.டி.கோட்டேக்கும் சென்னைக்கும் நடந்தது பகிர்வு. சென்னையிலிருந்து மற்ற மாவட்டங்களுக்குப் பெருமளவில் நடந்தது விநியோகம். முதலாவதில் பெற்றவர்கள் திரும்பச் செய்தார்கள், இரண்டாவதில் பெற்றதை வைத்துக்கொண்டார்கள். இந்த வேறுபாட்டை நன்னூல் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்காகச் சொல்லிவிட்டது. பவணந்தி முனிவர் சமணர். அவரை நூல் செய்யச் சொன்ன சீயகங்கன், எல்லைக்கு அப்பாலுள்ள கோலாரின் பழம்பெயரான குவளாலபுரத்தைத் தன் பட்டத்தில் தாங்கிய கங்கர் மரபுச் சிற்றரசன், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவன். தமிழ் ஆசிரியருக்கு இலக்கணம் சொன்ன நூல் இந்த எல்லைப்புற மரபொன்றின் ஆதரவில் எழுந்தது என்பது இப்பகுதி ஆசிரியர்கள் பெருமைப்படத்தக்க செய்தி. அதன் பொதுப்பாயிரம் சொல்லும் கணக்கு இது: ஆசான் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும், உடன் கற்பவரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும், பிறருக்கு எடுத்துரைப்பதால்தான் எஞ்சிய அரைப் பங்கு வரும். அச்சிட்ட அட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது கால் பங்கைத் தாண்டாது. ஆகவே பகிர்வில் நீர்த்துப்போதல் நிகழ்ந்தால் அதற்கு மருந்து பகிர்வைக் குறைப்பதில் இல்லை. பெற்றவர் தன் வகுப்பில் செய்து பார்த்து, எங்கே உடைந்தது என்று கொடுத்தவரிடமே திரும்ப வந்து சொல்லும் வரை அதைத் தொடர்வதில் இருக்கிறது. கொடுத்தவரும் வெற்றிப் புகைப்படத்தை மட்டும் கொடுத்தால் போதாது. பாதியில் நின்றுபோன குழுவைப் பற்றியும், அளவு தவறிய நாளைப் பற்றியும் அவர் சொல்ல வேண்டும். அந்தப் பகுதிதான் அடுத்த ஆசிரியருக்கு உண்மையில் பயன்படும்.

அதே பாயிரம் ஆசிரியர் ஆகத் தகாதவரையும் படம்பிடிக்கிறது. மட்டை அடர்ந்த பனை யாரையும் ஏறவிடாது, தானாக விழுந்ததை எடுத்துக்கொள்ளலாம். பஞ்சடைத்த குண்டிகையில் அரிதாக அடைத்ததைச் சிறிது சிறிதாகத்தான் எடுக்க முடியும். முடத்தெங்கு தண்ணீர் ஊற்றியவரின் தோட்டத்தை விட்டு அடுத்தவர் தோட்டத்தில் காயைப் போடும். கழற்காய் நிரப்பிய குடம் உள்ளே போட்ட வரிசையில் வெளியே தராது. நான்கும் கொடுக்கும் முறையில் உள்ள குறைகள் என்பது கவனிக்கத்தக்கது. அறிவில்லாதவரைப் பற்றி அவை பேசவில்லை. ஆனால் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இதே நன்னூல் யாருக்குக் கற்பிக்கலாம் என்று சொல்லும் பட்டியலில் ஆசான் மகனும் அரசன் மகனும் பொருள் மிகக் கொடுப்பவனும் வருகிறார்கள். தகுதி பார்த்தே கொடு என்ற கருத்து கீதையின் சாத்துவிக தானத்திலும் உண்டு. தகுதி என்ற பெயரால் பெரும்பான்மை மக்களுக்குக் கல்வி மறுக்கப்பட்டதும் வரலாறுதான். திருக்கோட்டியூரில் கோபுரம் ஏறி ரகசிய மந்திரத்தை எல்லோருக்கும் அறிவித்த ராமானுசரின் கதையை வைணவர் தலைமுறைகளாகச் சொல்லி வருவதே அந்த வரம்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதைக் காட்டும். மரபிலிருந்து நாம் கற்றலின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம், வாசல் காவலை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கு மரபுக்குள்ளேயே சான்று இருக்கிறது.

தொழில் நகரத்தில் இன்னொரு ஆட்சேபணை எழும். நிறுவனங்கள் தம் மேம்பாடுகளைக் காத்துக்கொள்கின்றன, போட்டியால்தான் தரம் உயர்கிறது, பள்ளிக்கு மட்டும் ஏன் வேறு விதி? இதில் பாதி உண்மை உண்டு. தர மேலாண்மைக்காக 2002இல் டெமிங் பரிசு பெற்ற டிவிஎஸ் மோட்டார் இந்த ஓசூரில் உள்ளது. அத்தகைய ஆலைகளில் தொழிலாளர்கள் குழுவாக உட்கார்ந்து சின்னச் சின்ன மேம்பாடுகளைப் பேசுவதும், ஒரு லைனில் கண்டதை அடுத்த லைனுக்குக் கொண்டுபோவதும் அன்றாட வேலை. ஆலைக்குள் பகிர்வு, மதிலுக்கு வெளியே காவல் என்பது அந்த உலகத்தின் ஒழுங்கு. வெளியே போனால் விற்பனை குறையும் என்பதால் அந்தக் காவலுக்குக் காரணம் இருக்கிறது. பள்ளியில் அந்தக் காரணம் இல்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளை பின்னம் புரிந்துகொண்டால் என் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் மறந்துபோகாது. தேர்ச்சி விகிதத்தில் மாவட்டங்களையும் பள்ளிகளையும் வரிசைப்படுத்தும் பழக்கமும், சேர்க்கைக்காக விளம்பரம் செய்யும் தனியார் பள்ளிகளின் நெருக்கடியும் போட்டியை உண்டாக்குகின்றன என்பது மெய். அந்தப் போட்டி வரிசைப்படுத்தியதால் வந்தது, அறிவின் இயல்பில் வரவில்லை. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் குழுவாக உள்ளூர்ச் சிக்கலை ஆராய்ந்து தாய்மொழியிலேயே அறிக்கை தருகிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை இங்கே வளர்த்தது. அருமையான முயற்சி. எனினும் மாவட்டம், மாநிலம், தேசம் என்று தேர்ந்தெடுத்து மேலே ஏற்றும் வடிவத்தில் அது அமைந்திருக்கிறது. தேர்வாகாத ஆய்வு அடுத்த ஊர் வகுப்பறைக்குப் பயன்பட்டிருக்கும் என்ற எண்ணத்துக்கு அந்த வடிவத்தில் இடம் குறைவு.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் எதிர்வாதம் உழைப்பைப் பற்றியது. பகிர்வைக் கடமை என்று சொன்னால் நிர்வாகம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே பதிவேடு, இணையதளப் பதிவு, பயிற்சி, வாட்ஸ்அப் குழுவில் புகைப்படம் என்று ஆசிரியரின் நேரம் கரைகிறது. மாதத்துக்கு ஒரு செயல்திட்டம் பதிவேற்றாதவர் விளக்கம் தரவும் என்று இன்னொரு சுற்றறிக்கை வந்தால் போதும், ஒப்புரவு செத்துவிடும். இந்த அச்சம் முழுக்க நியாயமானது. ஆனால் கடமை என்றாலே கட்டளை என்று பொருளாகாது. ஒப்புரவில் கடன் இருப்பது ஊருக்கும் உடன் பணி செய்வோருக்கும். மேலதிகாரி வசூலிக்கும் பாக்கி அது இல்லை. வசூலித்த மறுகணமே அது வரியாகிவிடும். இன்னொன்றையும் வள்ளுவர் அதே அதிகாரத்தில் சொல்கிறார்: ஒப்புரவுக்கு உரிய பொருள் முயன்று ஈட்டிய பொருள். உழைப்பை மறைத்துவிட்டுப் பகிர்வைப் பேச முடியாது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆகவே செயல்திட்டம் எங்கே போனாலும் செய்தவர் பெயர் கூடப் போக வேண்டும், கூடவே சொல்லிக்கொடுத்த விவசாயியின் ஊர்ப்பெயரும். அது உரிமை கோருவதற்காக அல்ல, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரிவதற்காக. நேரத்தையும் அரசு தர வேண்டும். குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஓரிடத்தில் உட்காரும் அரிய வாய்ப்பு அது. மேலிருந்து வந்த காணொளியைப் பார்த்துவிட்டுக் கலைவதற்குப் பதிலாக, அதில் பாதி நேரத்தை ஒருவர் தன் வகுப்பில் செய்ததை விரித்துச் சொல்லவும் மற்றவர்கள் குறுக்கே கேட்கவும் விட்டால் நன்னூல் சொன்ன இரண்டாம், மூன்றாம் பங்குகளுக்கு இடம் கிடைக்கும். புதிதாக எந்தத் திட்டமும் அதற்குத் தேவைப்படாது.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியில் பகிர்வைப் பற்றிப் பேசுவது அரைகுறையாகிவிடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகளும் உள்ளன. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின் அந்தப் பள்ளிகளிலும் தமிழ் பாடமானது. ஆசிரியர்களின் குறிப்பேடுகளோ அவரவர் மொழியிலேயே நிற்கின்றன. ஒரே தெருவின் தெலுங்கு வழி வகுப்பில் நடந்த நல்ல முயற்சி எதிர்வரிசைத் தமிழ் வழிப் பள்ளிக்குத் தெரியாமலே போகலாம். மொழிபெயர்ப்புக்கு ஆள் இல்லை, காசு இல்லை என்று சொல்வார்கள். செயல்திட்டம் பாடநூலைப் போல வாக்கியங்களால் ஆனதில்லை என்பது இங்கே உதவுகிறது. அது பெரும்பாலும் அட்டவணை, வரைபடம், அளவு, தேதி. மாதத்தின் முதல் திங்கட்கிழமை தென்பெண்ணைக் கரையிலுள்ள பள்ளிகள் எல்லாம் ஒரே ஐந்து அளவுகளை எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: நீரின் வெப்பம், பிஎச் தாள் காட்டும் நிறம், நுரையின் உயரம், கலங்கல், நாற்றம் உண்டா இல்லையா. வர்த்தூரில் கன்னடத்திலும் பாகலூரில் தெலுங்கிலும் கெலவரப்பள்ளியில் தமிழிலும் எழுதப்பட்ட பதிவேடுகளை ஒன்றாக வைத்துப் படிக்க, ஐந்து தலைப்புகளை மூன்று எழுத்துகளில் எழுதினால் போதும். எண்கள் மூன்றிலும் ஒன்றுதான்.